ஆளாளுக்குத் திருத்திய ஆசாமி

1870களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் பிரெஞ்சு நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். பெயர் லூயிஸ் பேஜ் மெர்சியர். கதையில் ஆட்கள் கடலின் அடித்தரையில் நடை போகிற கட்டம் வந்தது. அதற்காக மாட்டிக்கொள்ளும் உடுப்புக்குப் பிரெஞ்சில் ‘ஸ்காஃபாந்தர்’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு எப்போதோ வழக்கொழிந்துபோன இன்னொரு பொருளும் உண்டு: ஆள் முழுகிவிடாமல் மிதக்க உதவும் தக்கைச் சட்டை. பாதிரியார் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஒரு இடத்தில் கை தவறியது என்றால் மன்னிக்கலாம். வருகிற இடமெல்லாம் தக்கைச் சட்டை. கிணறு தூர் வார இறங்குகிறவன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்ட கதை. ஆங்கிலம் படித்த உலகம் ஏறக்குறைய நூறு வருஷம் இதைக் கேள்வி கேட்காமல் படித்தது.

அதோடு விட்டாரா? மூலத்தில் ஏறக்குறைய கால்வாசியை வெட்டியும் தள்ளினார்.

இந்த அக்கிரமம் நடந்தது ஜூல்ஸ் வெர்னுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் ‘ழூல்’ என்பார்கள். நம் சிறுபத்திரிகைக்காரர்களும் அப்படியே எழுதுவார்கள், அவர்களிடம் ‘ழ’ தாராளமாக ஸ்டாக் இருக்கிறது. நான் வாடகை நூலகத்தில் படித்த ஆள், ஜூல்ஸ்தான் வாயில் வருகிறது. விஞ்ஞானக் கதைகளின் தந்தை, தீர்க்கதரிசி, நிலாப் பயணத்தை நூறு வருஷம் முன்னாலேயே கண்டவர் என்றெல்லாம் இவருக்குப் பட்டங்கள் உண்டு. ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தால் தெரிகிற ஆசாமி வேறு. அப்பா திருத்தினார், பதிப்பாளர் திருத்தினார், பாதிரியார் திருத்தினார், கடைசியில் பெற்ற பிள்ளையும் திருத்தினான். இத்தனை பேர் கை வைத்த பிறகும் மனிதர் உலகத்திலேயே அதிகம் மொழிபெயர்க்கப்பட்ட எழுத்தாளர்கள் பட்டியலில், அகாதா கிறிஸ்டிக்கு அடுத்த இடத்தில், யுனெஸ்கோ கணக்குப்படி உட்கார்ந்திருக்கிறார்.

1828 பிப்ரவரி 8. பிரான்சில் லுவார் ஆற்றங்கரைத் துறைமுகமான நாந்த் நகரில் பிறப்பு. அப்பா பியேர் வெர்ன் வக்கீல். மூத்த பையனும் வக்கீலாகி ஆபீஸை எடுத்து நடத்துவான் என்பது ஜாதகத்திலேயே எழுதியாகிவிட்டது. பதினோரு வயதில் பையன் ‘கோரலி’ என்ற கப்பலில் எடுபிடியாக ஏறி இந்தியாப் பக்கம் ஓடப் பார்த்தான். கரோலின் என்ற உறவுக்காரப் பெண்ணுக்குப் பவழ மாலை வாங்கி வரத்தான் இந்தத் திட்டம். அப்பா அடுத்த துறைமுகத்தில் மடக்கி முதுகைப் பழுக்கவைத்தார். ‘இனிமேல் கற்பனையில் மட்டும்தான் பயணம் போவேன்’ என்று பையன் சத்தியம் செய்தான். அருமையான கதை. 1928இல் ஓர் உறவுக்காரப் பெண்மணி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருந்து புறப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் தோண்டிப் பார்த்ததில் ஆதாரம் என்று ஒன்றும் தேறவில்லை. ஆக, அவர் வாழ்க்கையின் முதல் அத்தியாயமே வேறு யாரோ எழுதிச் சேர்த்தது.

உண்மை கொஞ்சம் சப்பென்று இருக்கும். கரோலினுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. இவர் பாரிசுக்குச் சட்டம் படிக்கப் போய், பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாடகம் எழுதினார். அலெக்சாந்தர் டூமாவின் கடாட்சத்தில் 1850இல் ஒரு நாடகம் மேடையேறிப் பன்னிரண்டு தடவை நடந்தது. அந்தப் பன்னிரண்டும் ஒரு மனிதனைக் கெடுக்கப் போதும். 1851இல் பட்டம் வாங்கிக் கொடுத்து அப்பாவின் வாயை அடைத்தார். அடுத்த வருஷம் அப்பா ஆபீஸ் சாவியை நீட்டியபோது வேண்டாம் என்றுவிட்டார். தியேட்டர் லிரிக்கில் செயலாளர் வேலை. பதினோரு கட்டைப் பிரம்மச்சாரிகள் சேர்ந்து ‘பெண்ணில்லாப் பதினொருவர்’ என்று ஒரு சாப்பாட்டுச் சங்கம் வைத்திருந்தார்கள், அதில் உறுப்பினர். வயிற்றுக் கோளாறு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் வாதம் இன்னொரு பக்கம்.

1856இல் நண்பர் ஒருவர் கல்யாணத்துக்காக அமியான் என்ற ஊருக்குப் போனார். பந்தியில் உட்கார்ந்தவர் மனசை அங்கேயே விட்டுவிட்டார். ஓனோரின் என்ற இளம் விதவை, இருபத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். அவர் அண்ணன் தம்பி வட்டாரமெல்லாம் பணம் புழங்குகிற இடம். உடனே அப்பாவுக்குக் கடிதம்: பங்குச் சந்தையில் தரகர் தொழிலில் பங்கு சேரப் போகிறேன், 50,000 பிராங்க் வேண்டும். நம் பக்கத்தில் மாப்பிள்ளைகள் இந்த மாதிரித் தொகையைப் பெண் வீட்டில் கேட்பார்கள். இவர் பெற்ற தகப்பனிடம் கேட்டார், அந்த மட்டில் யோக்கியர். அப்பாவும் முனகிக்கொண்டே கொடுத்தார். 1857 ஜனவரியில் கல்யாணம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதுவது, பிறகு பங்குச் சந்தைக்குப் போவது. அங்கே அவருக்கு வியாபாரம் படிந்ததைவிட ஜோக் அதிகம் படிந்தது என்று கூட இருந்த நண்பர் ஒருவர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். 1861 ஆகஸ்டில் மகன் மிஷெல் பிறந்தபோது தகப்பன் ஊரில் இல்லை. நண்பர்களோடு ஸ்காண்டிநேவியாவில் சுற்றுலா. மகன் இதைக் குறித்துவைத்துக்கொண்டான் என்று நான் சொல்லவில்லை. மேலே படியுங்கள்.

இப்போது முக்கியமான ஆள் வருகிறார். பியேர் ஜூல்ஸ் எட்சல். பால்சாக், விக்டர் யூகோ என்று பெரிய கைகளைப் பதிப்பித்தவர், அரசியலால் நாடு கடந்து வாழ்ந்து திரும்பியவர். 1862இல் வெர்ன் இவரிடம் பலூன் கதை ஒன்றை நீட்டினார். எட்சல் படித்தார், திருத்தச் சொன்னார், வாங்கிக்கொண்டார். 1863 ஜனவரியில் ‘பலூனில் ஐந்து வாரம்’ வந்தது, விற்றது. பதினைந்து பதிப்பாளர்கள் விரட்டியடித்தார்கள், வெர்ன் பிரதியை அடுப்பில் போட்டார், மனைவி பாய்ந்து மீட்டார் என்றும் ஒரு கதை உண்டு. இதற்கும் ஆதாரம் கிடையாது. மனைவி அடுப்பிலிருந்து பிரதியை மீட்காத எழுத்தாளர் எந்த மொழியிலாவது இருக்கிறாரா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

ஐந்து வாரம் பலூனிலேயே ஆப்பிரிக்காவைக் கடக்க வைத்த இந்த மனிதர், சொந்தமாகப் பலூனில் ஏறியது வாழ்க்கையில் ஒரே தடவை. 1873 செப்டம்பரில், அமியானில், புத்தகம் வந்து பத்து வருஷம் கழித்து. மொத்தம் 24 நிமிஷம். அதையும் விடவில்லை, ஒரு கட்டுரையாக்கி உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் புத்தகம் ஓடியதும் சூட்டோடு சூடாக இன்னொரு நாவலை எடுத்துக்கொண்டு எட்சலிடம் போனார். ‘இருபதாம் நூற்றாண்டில் பாரிஸ்.’ கதை நடப்பது 1960இல். தெருவெல்லாம் எரிவாயுவில் ஓடும் வண்டிகள், மின்விளக்கு, எழுதிய தாளை அப்படியே தூர ஊருக்கு அனுப்பும் தந்தி, கணக்குப் போடும் இயந்திரங்கள். நாயகன் பதினாறு வயதுப் பையன். லத்தீன் கவிதைக்குப் பரிசு வாங்குகிறான், ஊரே கைகொட்டிச் சிரிக்கிறது. புத்தகக் கடையில் விக்டர் யூகோவைக் கேட்டால் அப்படி யாரும் இல்லையே என்கிறார்கள். வங்கியில் வேலைக்குப் போகிறான், தேறவில்லை, குளிரில் பட்டினியோடு முடிகிறான். எட்சல் படித்துவிட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். நீர் தீர்க்கதரிசியாகவே இருந்தாலும் இதை இன்றைக்கு ஒருத்தனும் நம்பமாட்டான், உமது பெயர் கெட்டுவிடும், இருபது வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். வெர்ன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. பிரதியைப் பூட்டிவைத்தார்.

அதன் பிறகு தீர்க்கதரிசனத்தை மூட்டை கட்டிவிட்டுத் தொழிலைப் பார்த்தார். ஒப்பந்தப்படி வருஷத்துக்கு இரண்டு, மூன்று தொகுதிகள் தர வேண்டும். எட்சலின் குடும்பப் பத்திரிகையில் முதலில் தொடராக வரும். தொடர்கதைக்காரனின் கழுத்தில் கத்தி எப்படி இருக்கும் என்று நம் வாரப் பத்திரிகை எழுத்தாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். குடும்பப் பத்திரிகை என்பதால் நாயகனுக்குக் காதல் வரலாம், முத்தம் வரக்கூடாது. வெர்ன் நாவல்களில் ஏன் பெண்களே தட்டுப்படுவதில்லை என்று கேட்பவர்களுக்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது. மீதிப் பாதி ‘பெண்ணில்லாப் பதினொருவர்’ சங்கத்தில் கிடைக்கலாம்.

1865இல் ‘பூமியிலிருந்து நிலாவுக்கு’. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது, பால்டிமோர் பீரங்கிச் சங்கத்துக்காரர்களுக்குப் பொழுது போகவில்லை, நிலாவைச் சுடலாம் என்று கிளம்புகிறார்கள். பீரங்கியின் நீளம் 900 அடி. எந்த மாநிலத்தில் வைப்பது என்று டெக்சாசும் ஃபுளோரிடாவும் குடுமிப்பிடிச் சண்டை போடுகின்றன. ஃபுளோரிடா ஜெயிக்கிறது. (நூறு வருஷம் கழித்து நாசா புத்திசாலித்தனமாக ஏவுதளத்தை ஒருவருக்கும் கட்டுப்பாட்டு அறையை இன்னொருவருக்கும் கொடுத்துப் பஞ்சாயத்தை முடித்தது.) குண்டுக்குள் மூன்று பேர், அதில் ஒருவர் அர்தான் என்ற பிரெஞ்சுக்காரர். வெர்னின் நண்பர், புகைப்படக்காரர், பலூன் பைத்தியம் நதாரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் செய்த பெயர். அடுத்த பாகத்தில் நிலாவைச் சுற்றி, பசிபிக் கடலில் விழுகிறார்கள். 1969இல் அப்போலோ 11இலும் மூன்று பேர், புறப்பாடு ஃபுளோரிடா, விழுந்த இடம் பசிபிக், கலத்தின் பெயர் கொலம்பியா. வெர்னின் பீரங்கிக்குக் கொலம்பியாட் என்று பெயர். ஆர்ம்ஸ்ட்ராங்கே திரும்பி வரும் வழியில் ஒளிபரப்பில் வெர்னை நினைவுகூர்ந்தார்.

இதை வைத்து அவரைத் தீர்க்கதரிசி என்பார்கள். சின்னக் கணக்கு ஒன்று. 900 அடிக்குள் ஒரு குண்டு நின்ற நிலையிலிருந்து விநாடிக்குப் பதினோரு கிலோமீட்டர் வேகம் பிடிக்க வேண்டுமானால், உள்ளே இருப்பவர்களின் எடை இருபதாயிரம் மடங்குக்கு மேல் கூடும். அறுபது கிலோ ஆசாமி 1,300 டன். அதைச் சமாளிக்க வெர்ன் செய்த ஏற்பாடு, அடியில் கொஞ்சம் தண்ணீரும் உடையும் பலகைத் தட்டுகளும். கணக்கைப் பார்த்துக் கொடுத்தவர் கணித வாத்தியாரான உறவினர் ஆன்றி கார்சே. பாதைக் கணக்கு சுத்தம். ஆட்கள் மட்டும் நிலாவுக்கு மாவாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள், தோசை வார்த்துவிடலாம்.

அடுத்து நீமோ. ‘கடலடியில் 20,000 லீக்’, 1869-70, பாதிரியார் கை வைத்த அதே நாவல். முதலில் தலைப்பு. 20,000 லீக் ஆழம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஒரு லீக் நாலு கிலோமீட்டர் என்று வெர்ன் வைத்த கணக்குப்படி 80,000 கிலோமீட்டர் ஆழம் போனால் பூமியைத் துளைத்து மறுபக்கம் வந்து, அதன் பிறகும் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். அது நீருக்குள் சுற்றிய தூரம்.

வெர்ன் மனசில் இருந்த நீமோ ஒரு போலந்துக்காரன். குடும்பத்தை ரஷ்யர்கள் கொன்றுவிட்டார்கள், பழி வாங்க நீர்மூழ்கியில் திரிகிறான். கப்பல்களை ஏன் மூழ்கடிக்கிறான் என்பதற்கு ஜாடிக்கேற்ற மூடி மாதிரிக் காரணம். எட்சல் ஒத்துக்கொள்ளவில்லை. ரஷ்யாவில் புத்தகம் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. கடிதத்தில் இருவரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் நீமோவுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. லத்தீனில் நீமோ என்றாலே ‘யாருமில்லை’. வில்லத்தனத்துக்குக் காரணம் சொல்லாததாலேயே பாத்திரம் பிய்த்துக்கொண்டு போனது. பதிப்பாளரின் வியாபார புத்தி இலக்கியத்துக்கு நன்மை செய்த அபூர்வ சந்தர்ப்பம் இது. எந்தப் பதிப்பாளர் காதிலும் போட்டுவிடாதீர்கள்.

வாசகர்கள் விடவில்லை, யார் இந்த ஆள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1874-75இல் ‘மர்மத் தீவு’ நாவலில் பதில் வந்தது. நீமோ ஓர் இந்தியர்! பந்தேல்கண்ட் இளவரசர் தக்கார், 1857 கிளர்ச்சியில் வெள்ளைக்காரனோடு மோதிக் குடும்பத்தை இழந்தவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். திப்பு சுல்தானின் மருமகன் என்றும் ஒரு வரி சேர்த்தார். மைசூர் எங்கே, பந்தேல்கண்ட் எங்கே? திப்பு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தவர். 1849இல் முப்பது வயதான தக்கார், மாமா போய் இருபது வருஷம் கழித்துப் பிறந்திருக்க வேண்டும். இந்த உறவு எந்த வழியில் என்று தாத்தா பாட்டிகளை உட்காரவைத்துக் கேட்டாலும் விளங்காது. இருந்தாலும் எனக்கு இந்த வரி பிடிக்கும். ரஷ்யச் சந்தைக்குப் பயந்து போலந்துக்காரனைக் கைவிட்டவர்கள், இங்கிலாந்துச் சந்தை இருக்கும்போதே வெள்ளைக்காரனை எதிர்த்த இந்தியனை நாயகனாக வைத்தார்களே. ஆங்கில மொழிபெயர்ப்பில் நீமோவின் அந்தப் பேச்சையெல்லாம் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு நோகாதபடி மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நீமோ இந்தியர் என்பதற்கான விதையை வெர்ன் முந்தைய நாவலிலேயே தூவியிருந்தார், அதுவும் நம் கடலில். நீமோவின் நீர்மூழ்கி நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. கொற்கை காலத்திலிருந்து முத்துக்குப் பேர் போன தண்ணீர். முத்துக் குளிக்க இறங்கிய ஓர் ஏழை இந்தியர் மீது சுறா பாய்கிறது. நீமோ கத்தியை உருவிக்கொண்டு சுறாவோடு கட்டிப் புரள்கிறார். பிழைத்த மனிதர் கண் விழித்துப் பார்த்தால் எதிரே உலோகத் தலையோடு நாலு உருவங்கள் குனிந்து நிற்கின்றன. நீமோ ஒரு பை முத்தைக் கையில் வைத்துவிட்டுப் போகிறார். நசுக்கப்பட்ட நாட்டின் மனிதன் இவன், என் உயிர் உள்ளவரை நானும் அந்த நாட்டவன்தான் என்ற பொருளில் பின்னால் சொல்கிறார். மன்னார் முத்துக்குளிப்பைப் பாரிசில் அச்சான புத்தகங்களை வைத்துக்கொண்டு இத்தனை நெருக்கமாக எழுதியிருக்கிறார். மூச்சை எத்தனை விநாடி அடக்குவார்கள் என்பது வரை கணக்கு இருக்கிறது. மெர்சியர் பிரதியில் இந்தக் காட்சியிலும் தக்கைச் சட்டைதான்.

வெர்ன் இந்தியாவை எட்டிப் பார்த்ததே இல்லை. அமெரிக்காவுக்கு 1867இல் ஒரு தடவை போனார், தரையில் இருந்தது ஏறக்குறைய ஒரு வாரம். மற்றதெல்லாம் அமியான் வாசகசாலையில் பத்திரிகைகளைப் படித்துக் குறிப்பெடுத்த சரக்கு. ‘எண்பது நாளில் உலகப் பயணம்’ 1872இல் செய்தித்தாளில் தொடராக வந்தது. பம்பாயில், பந்தயம் கட்டிக் கிளம்பிய நாயகன் ஃபாக்கின் வேலைக்காரன் பாஸ்பர்த்து மலபார் குன்றுக் கோயிலுக்குள் செருப்புக் காலோடு நுழைகிறான். பூசாரிகள் புரட்டி எடுத்துச் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் 2,000 பவுனுக்கு யானை வாங்கி, உடன்கட்டை ஏற்றப்பட இருந்த பெண்ணை மீட்டுக் கல்கத்தா போய்ச் சேர்ந்தால், நீதிமன்றத்தில் வழக்கு. பெண்ணைத் தூக்கி வந்ததற்காக என்று இவர்கள் நடுங்கிக்கொண்டிருக்க, மேசை மீது பம்பாயிலிருந்து வந்த செருப்பு ஜோடி! கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்த ஆயிரம் பேரை எனக்குத் தெரியும். நாடு கடந்து தன் செருப்பே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் பார்த்தவன் இவன் ஒருவன்தான்.

நான் படித்த வாடகை நூலகப் பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. ஃபாக் பந்தயத்தில் தோற்றுவிட்டார் என்றே இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். வெர்னைத் திருத்தியவர்கள் கணக்கில் எங்கள் ஊர்க் கரையானையும் சேர்க்க வேண்டும்.

இந்தக் கதையை 1874இல் நாடகமாக்கினார்கள். மேடையில் நிஜ யானை. முதல் ஓட்டத்திலேயே 415 காட்சிகள். முந்தைய பன்னிரண்டு தடவைக்கு வட்டியும் முதலும் வந்துவிட்டது. நாவல்களைவிட நாடகம்தான் அவருக்குக் காசைக் கொட்டியது. 1877இல் 55,000 பிராங்குக்குப் பெரிய நீராவிப் படகு வாங்கினார். படகுக்கு மகன் பெயர்: ‘செயின்ட் மிஷெல்’. முன்பு வைத்திருந்த இரண்டு படகுகளுக்கும் அதே பெயர்தான்.

மிஷெலுக்குப் பெயர் வைத்த படகுகள் ஒழுங்காக ஓடின. மிஷெல் ஓடவில்லை. 1876இல் பையனைச் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார். மெத்ரே என்ற அந்த இடத்துக்கு நாட்டிலேயே கடுமையானது என்று பேர். அதிலும் சரிப்படாமல், 1878இல் கப்பலில் ஏற்றி இந்தியா அனுப்பினார். பதினோரு வயதில் தான் போக ஆசைப்பட்டதாகச் சொல்லப்படும் ஊருக்கு, பதினாறு வயது மகனைத் தண்டனையாக அனுப்பிய தகப்பன்! பிள்ளை சுமார் ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு நடிகையைக் கல்யாணம் செய்து, பிறகு வேறொரு இளம்பெண்ணோடு கிளம்பி, ஊரெல்லாம் கடன் வைத்தார். தகப்பன் அடைத்தார்.

1886 மார்ச் 9. வீட்டு வாசலில் தம்பி மகன் காஸ்தோன் துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டார். ஒரு குண்டு காலில் பாய்ந்தது, கடைசிவரை எடுக்க முடியவில்லை. மனநலம் குலைந்திருந்த அந்த இளைஞர் மீதி வாழ்நாளை மருத்துவமனைகளில் கழித்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எட்டே நாளில் எட்சலும் இறந்தார். காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்த வெர்னால் இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியவில்லை. படகையும் விற்றாயிற்று.

நொண்டிக்கொண்டே 1888இல் அமியான் நகரசபைக்குத் தேர்தலில் நின்றார், ஜெயித்தார். பழைமைவாதி, ஆனால் நின்றது குடியரசுக் கட்சிப் பட்டியலில். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினைந்து வருஷம் கவுன்சிலர். அவர் முன்னின்று பாடுபட்ட பெரிய காரியம் விண்கலமும் இல்லை, நீர்மூழ்கியும் இல்லை. ஊருக்கு நிரந்தர சர்க்கஸ் கட்டடம். 1889இல் திறந்துவைத்துச் சொற்பொழிவும் ஆற்றினார். இன்றைக்கும் நிற்கிறது, இப்போது அவர் பெயரிலேயே.

இதற்கிடையில் ஒரு வழக்கு. மெலினைட் வெடிமருந்தைக் கண்டுபிடித்த துர்ப்பான் என்பவர், 1896இல் வந்த நாவலில் கிறுக்குப் பிடித்த விஞ்ஞானியாக வருவது நான்தான் என்று கோர்ட்டுக்குப் போனார். வெர்ன் சத்தியமாக இல்லை என்றார். அவருக்காக வாதாடியவர் ரேமோன் புவான்காரே, பின்னாளில் பிரான்சின் ஜனாதிபதியான அதே மனிதர். வழக்கு ஜெயித்தது. வெர்ன் தம்பி போலுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு வெளியே வந்தன. பாத்திரத்துக்கு மூலம் சாட்சாத் துர்ப்பான்தான்! அப்பா படிக்கவைத்த சட்டம் வீண் போகவில்லை.

வயதான காலத்தில் எச்.ஜி.வெல்ஸ் என்ற இங்கிலாந்துப் பையன் நிலாவுக்குப் போனதைக் கேள்விப்பட்டார். ஈர்ப்பு விசையை மறைக்கும் உலோகத்தில் கலம் செய்து போகிறார்களாம். வெர்னுக்கு மூக்கின் மேல் கோபம். நான் பீரங்கியில் அனுப்பினேன், அதில் இயற்பியல் இருக்கிறது. அந்த உலோகத்தை எங்கே, காட்டச் சொல்லுங்கள் என்ற தோரணையில் பேட்டி கொடுத்தார். ஆட்களை 1,300 டன்னாக்கி அனுப்பியவர் பேசுகிற பேச்சு.

1905 மார்ச் 24, அமியானில் சர்க்கரை நோய் முற்றி இறந்தார். பிரெஞ்சு அகாதமி கடைசிவரை சேர்த்துக்கொள்ளவில்லை. மேசை அறையில் அச்சாகாத நாவல்கள் அடுக்கடுக்காக இருந்தன. வாரிசு மிஷெல். வருஷா வருஷம் ‘ஜூல்ஸ் வெர்ன் எழுதிய புதிய நாவல்’ வந்துகொண்டே இருந்தது. விமர்சகர்கள் கிழவர் போன பிறகும் எப்படி இளமையாக எழுதுகிறார் என்று வியந்தார்கள். 1970களின் பிற்பாதியில் இத்தாலியச் சேகரிப்பாளர் பியேரோ கொந்தோலோ தெல்லா ரீவா மூலப் பிரதிகளைக் கண்டெடுத்தபோது குட்டு உடைந்தது. மிஷெல் ஒட்டு வேலையோடு நிற்கவில்லை. ஒரு நாவலைப் பதினாறு அத்தியாயத்திலிருந்து முப்பத்தொன்றாக்கியிருந்தார். தங்க விண்கல் நாவலில், விண்கல்லை இழுத்துக் கீழே போடும் கிறுக்கு விஞ்ஞானியே மிஷெல் கைச்சரக்கு, அப்பாவின் பிரதியில் அந்த ஆளே கிடையாது. மெத்ரேக்கு அனுப்பியதற்கு இது பதிலா, படகுகளுக்குப் பெயர் வைத்ததற்கு நன்றியா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அதுதான் சங்கடம்.

1989இல் கொள்ளுப்பேரன் ஜான் வெர்ன், காலி என்று குடும்பமே நினைத்திருந்த, சாவி தொலைந்த இரும்புப் பெட்டகத்தைத் திறந்தார். உள்ளே ‘இருபதாம் நூற்றாண்டில் பாரிஸ்’. 1994இல் அச்சாகி அமோகமாக விற்றது. இருபது வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று எட்சல் சொன்னதற்கு நூற்று முப்பது வருஷமாகியிருந்தது. 1960 வந்துபோய் முப்பது வருஷத்துக்கு மேல். யாரும் கை வைக்காமல் தப்பித்த பிரதி என்றால் இதுதான், அதுவும் சாவி தொலைந்த புண்ணியத்தில்.

அமியானில் மதலேன் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி. 1907இல் சிற்பி அல்பேர் ரோஸ் செய்த சிலை. மூடு கல்லை முதுகால் தூக்கித் தள்ளிக்கொண்டு, ஒரு கையை மேலே நீட்டி எழுந்து வருகிறார். அமரத்துவத்தையும் நிரந்தர இளமையையும் நோக்கி என்று சிற்பத்துக்குப் பெயர். எனக்கென்னவோ மகனிடம் ப்ரூஃப் கேட்டுக் கை நீட்டுகிற மாதிரிதான் இருக்கிறது.

ஒரு கடைசி வார்த்தை. மெர்சியரின் ஆங்கிலப் பிரதிக்குக் காப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. அதனால் இன்றைக்கும் பளபள அட்டை போட்டு மலிவாக அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். நெப்ராஸ்காவின் கரடுமுரடான வறண்ட நிலத்துக்கு அமெரிக்காவில் ‘கெட்ட நிலங்கள்’ என்று வழங்கும் பெயர் உண்டு. பாதிரியார் அதை ‘மனதுக்குப் பிடிக்காத பிரதேசம்’ என்று பெயர்த்திருப்பார். அப்படி இருந்தால் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.